உடந்தையின் இன்முகம்: பேர்னாட் வூலி என்னும் துணைப்பாத்திரத்தின் கவர்ச்சி

1

நாடகமொன்றின் தலைமைப் பாத்திரங்கள் பெறும் திறனாய்வுக் கவனத்தை அதன் துணைப்பாத்திரங்கள் பெறுவது அரிது. பெறுமிடத்தும், அவை சுவைகூட்டும் உறுப்புகள் என்ற அளவிலேயே பேசி விடப்படுகின்றன. படைப்பொன்றின் கருத்துநிலையைத் தேடுவோர் தலைமைப் பாத்திரங்களின் வாய்மொழியையே துருவுகின்றனர். எவரும் ஐயுறாத பாத்திரத்திடத்து அது ஒளிந்திருக்கக்கூடும் என எண்ணுவதில்லை. இத்தவறு மிகத் தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று 'யெஸ் மினிஸ்டர்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரும், அதில் வரும் பேர்னாட் வூலி என்னும் பாத்திரமுமாகும்.

பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் 1980 பெப்ரவரி 25 ஆந் திகதி தொடங்கிய இத்தொடர், 1982 வரை மூன்று பருவங்களில் 21 அங்கங்களாக ஒளிபரப்பாயிற்று. 1984 டிசம்பரில் ஒரு சிறப்பு அங்கமும், 1986 முதல் 1988 வரை 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' என்ற பெயரில் மேலும் 16 அங்கங்களும் வெளிவந்தன. எழுதியோர் அன்ரனி ஜே, ஜொனதன் லின் ஆகிய இருவர். நிகழ்களம் ஓர் அரசாங்க அலுவலகம். நிருவாக அலுவல்களுக்கான கற்பனை அமைச்சு ஒன்று. அங்கே மூவர் உளர். அமைச்சர் ஜிம் ஹாக்கர் ஏதாவது செய்ய விழைபவர். நிரந்தரச் செயலாளர் சேர் ஹம்பிரி அப்பிள்பி எதுவும் நிகழாமற் காப்பவர். இருவருக்கும் இடையே கோப்புடன் நிற்பவன் அமைச்சரின் பிரத்தியேகச் செயலாளன் பேர்னாட் வூலி. இம்மூவரையும் முறையே போல் எடிங்ரன், நைஜல் ஹோதோன், டெரிக் போல்ட்ஸ் ஆகியோர் நடித்தனர்.

பேர்னாட்டைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. அவன் கதைக்குத் தேவையான ஒரு சிறு சுவையூட்டி, அவனிடத்து ஆராய்வதற்கு ஏதுமில்லை என்பது ஒன்று. தன்னலமிகளான இரு கிழவர்களுக்கிடையில் அவனே தொடரின் மனச்சாட்சி என்பது மற்றொன்று. முன்னையது சோம்பலின் விளைவு. பின்னையது அன்பின் விளைவு. இரண்டும் தவறானவை. இத்தொடரில் பார்வையாளனை அதிகாரத்தின் பக்கம் மெல்லக் கைபிடித்து அழைத்துச் செல்பவன் பேர்னாட்டே என்பதும், அவன்மீது எழும் அன்பு பார்வையாளன் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளும் செயலென்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

பேர்னாட்டின் கவர்ச்சியை மறுப்பது நேர்மையாகாது. முதலில் அதன் கூறுகளை வகுத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது கூறு அவனது மொழிப்பற்று. கிரேக்கமும் இலத்தீனும் கற்றவன் அவன். அமைச்சர் ஆத்திரத்தில் இரண்டு உருவகங்களைக் கலந்து பேசினால், அவற்றுள் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய இயலாது என அவன் மிகுந்த பணிவுடன் விளக்கத் தொடங்குவான். நாடே கவிழவிருக்கும் வேளையிலும் அவனுக்கு உவமையின் பொருத்தமே பெரிதாகப் படும். கற்றவன் தன் கல்வியை அடக்க முடியாமல் தவிக்கும் இக்காட்சி, பல்கலைக்கழகம் கண்டோர் எவருக்கும் தம்மை நினைவூட்டும்.

இரண்டாவது கூறு அவன் வினாவும் முறை. அமைச்சர் வெளியேறியபின் சேர் ஹம்பிரியிடம் அவன் கேட்கும் வினாக்கள் குழந்தைத்தனமானவை போன்று தோன்றும்: மக்களுக்கு உண்மையைச் சொன்னால் என்ன? அமைச்சர் கேட்பதைச் செய்தால் என்ன? உரைநூல்களிலே ஆசிரியன் விடைகூறுதற்பொருட்டு மாணாக்கனை வினாவ வைக்கும் மரபு தமிழ் அறிந்தோருக்குப் புதிதன்று. பேர்னாட் அத்தகைய மாணாக்கன். அவன் வினாவாவிடின் சேர் ஹம்பிரியின் புகழ்பெற்ற நீண்ட வாக்கியங்களுக்கு வேலையே இல்லை. பார்வையாளன் அதிகாரத்தின் இரகசியங்களைக் கற்பது அவனோடு ஒரே வாங்கில் அமர்ந்துதான்.

மூன்றாவது கூறு அவனது இடர்ப்பாடு. நாள்தோறும் அவன் பணிபுரிவது அமைச்சருக்கு. பதவியுயர்வை நிர்ணயிப்பவரோ நிரந்தரச் செயலாளர். இறுதியில் எவர் பக்கம் நிற்பாய் என வினவப்படுகையில், அவ்வாறான இறுதி நிலை தோன்றாமற் பார்ப்பதே தனது தொழில் என்னும் கருத்துப்பட அவன் விடையிறுப்பான். இரு எசமானர்களிடையே அகப்பட்ட பணியாளனின் தந்திரம் உலக நாடகமெங்கும் நகைப்பை விளைத்து வந்துள்ளது. மன்னனுக்குக் கட்டியங்கூறிக்கொண்டே அவனைச் சீண்டும் கட்டியகாரனைக் கூத்தில் கண்டு மகிழ்ந்தோர் பேர்னாட்டையும் எளிதில் இனங்காண்பர்.

இவற்றுடன் நடிகரின் பங்கும் சேர்ந்தது. டெரிக் போல்ட்ஸ் 1969 முதல் 1973 வரை 'பேசில் பிரஷ்' என்னும் நரிப்பொம்மையின் தோழராகச் சிறுவர் நிகழ்ச்சியொன்றிலே தோன்றியவர். ஒரு தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகள் அவரை நம்பி வளர்ந்தனர். அந்நம்பிக்கையும் அவரோடு அமைச்சுக்குள் நுழைந்தது. ஹோதோனின் சொல்வன்மை பிரித்தானியத் திரைக் கழகத்தின் விருதுகளை நான்கு முறை ஈட்டியது. போல்ட்ஸோ பெரும்பாலும் மௌனத்தினாலும், பாதிப் புன்னகையினாலும், கண்களைத் தாழ்த்துவதனாலும் நடித்தார். 2020 ஜனவரியில் அவர் மறைந்தபோது மூவருள் எஞ்சியிருந்த இறுதியானவரும் நீங்கினார்.

ஆகவே பேர்னாட் விரும்பத்தக்கவன் என்பதில் விவாதமில்லை. அவ்விருப்பம் எதற்குப் பயன்படுகிறது என்பதே வினா.

3

முதல் அங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். புதிய அமைச்சர் தமது நாற்காலியிலே அமர்கிறார். அமைச்சர்களுள் உடனே மடிந்துவிடுவோரும் உண்டு, வட்டமாகச் சுற்றிக்கொண்டேயிருப்போரும் உண்டு. நாற்காலிகளும் அதற்கேற்ப இருவகை என்னும் பழைய அலுவலகப் பகிடியைப் பேர்னாட் அறியாமல் அவர்முன் உளறிவிடுகிறான். அனைவரும் நகைக்கின்றனர். ஆனால் இப்பகிடி ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது: முதல் நாளிலேயே பேர்னாட்டுக்கு எல்லாம் தெரியும். அமைச்சர் ஏமாற்றப்படவிருக்கிறார் என்பதை அறிந்தே அவன் அவரை வரவேற்கிறான். அவனை வெகுளி என்போர் இக்காட்சியை மீளப் பார்த்தல் நன்று. வெகுளி அறியாதவன், பேர்னாட்டோ அறிந்தும் அறியாதவன்போல் முகம் வைத்திருப்பவன்.

1981 இல் வெளிவந்த ஓர் அங்கத்திலே, நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பணிபுரியும் புதிய வைத்தியசாலையொன்று காட்டப்படுகிறது. அங்கே ஒரு நோயாளிகூட இல்லை. நோயாளிகள் இல்லாமையே அதன் சீரான நிருவாகத்துக்குக் காரணம் என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. இது அதிகாரக் குழாம் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த அங்கதங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வெற்றுக் கட்டில்களின் நடுவே பேர்னாட் எங்கே நிற்கிறான்? வழக்கம்போல இருவருக்கும் நடுவே. பிழையான உருவகத்தைப் பொறுக்காத அவன் செவி, பிழையான வைத்தியசாலையைப் பொறுத்துக்கொள்கிறது. சொற்கள் தவறிடத்து அவன் குறுக்கிடுகிறான். செயல்கள் தவறிடத்துக் குறிப்பெடுக்கிறான். அவனது இலக்கணப் பற்று அறப்பற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒன்றாகும். திருத்தும் இயல்பு படைத்த ஒருவன், திருத்தினால் ஆபத்து விளையாதவற்றை மாத்திரம் திருத்திக்கொண்டு தன் மனத்தை ஆற்றிக்கொள்கிறான். கற்றோரிடையே இந்நோய் பரவலானது என்பதாலேயே அது கற்றோரை இவ்வளவு நகைக்கச் செய்கிறது.

அவன் வெறும் பார்வையாளனாக நில்லாத இடமும் உண்டு. வெளிநாடொன்றிலிருந்து அமைச்சருக்குக் கிடைத்த விலையுயர்ந்த அன்பளிப்பை அவருடைய மனைவி விரும்புகிறார். குறித்த பெறுமதிக்கு மேற்பட்டவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்ல விதி இடந்தராது. பேர்னாட் பெருமாட்டியின் மனம் நோகக் காணப் பொறாமல், பெறுமதியைத் தாழ்த்தி மதிப்பிடுவிக்க வழிசெய்கிறான். கையூட்டினால் வெற்றிபெற்ற ஒரு பெரும் ஒப்பந்தமே அவ்வங்கத்தின் கதைப்பொருள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பெரிய ஊழலைக் கண்டு பார்வையாளன் கசப்புறுகிறான். சிறிய ஊழலைக் கண்டு புன்னகைக்கிறான். சிறிய ஊழல் அன்பினால் நிகழ்ந்ததன்றோ! இவ்வாறே ஊழலுக்கு ஓர் இனிய வாசல் திறக்கப்படுகிறது.

எனினும் பேர்னாட்டின் உண்மையான நெருக்கடி 1982 டிசம்பரில் ஒளிபரப்பான அங்கத்திலேயே வருகின்றது. பிரித்தானியாவில் உற்பத்தியான படைக்கலங்கள் இத்தாலியப் பயங்கரவாதிகளுக்குச் சென்றடைவதை அமைச்சர் அறிகிறார். நன்மை தீமை பற்றிக் கவலைப்படுவது அரசாங்கத்தின் வேலையன்று, ஒழுங்கைப் பேணுவதே வேலை எனச் சேர் ஹம்பிரி வாதிடுகிறார். தாம் அறவெறுமை கொண்டவர் எனப்படுவதை அவர் ஒரு குறையாகவே கருதுவதில்லை. பின்னர் பேர்னாட் அவரிடம் ஓர் ஐயத்தை எழுப்புகிறான்: இவ்வழியே தொடர்ந்தால் தானும் அத்தகைய வெறுமையாவானா? அதற்குரிய விடை, அவன் கடுமையாக உழைத்தால் அதனை எய்தலாம் என்னும் நம்பிக்கையே. அரங்கில் அமர்ந்திருந்தோரின் சிரிப்பு அவ்விடையை வரவேற்கிறது. முழுத் தொடரிலும் அறம் பற்றி நேரே கேட்கப்பட்ட மிகக் கூர்மையான வினா, ஒரு பகிடியின் முன்னடியாகப் பயன்படுத்தப்பட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த அங்கத்திலும் பேர்னாட் அதே மேசையில் அமர்ந்திருக்கிறான்.

வள்ளுவர் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அதிகாரத்துக்கு மிக அருகிலும் செல்லாது, மிக விலகியும் நில்லாது, தீயிலே குளிர்காய்வார்போல் ஒழுகும் வகையை அங்கே கூறினார். அதே வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அதிகாரத்தில் இடித்துரைக்கும் துணைவர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்றும் எச்சரித்தார். பேர்னாட் முதலாவதில் முதல்வகுப்புச் சித்தி எய்தியவன். இரண்டாவதைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டவன்.

4

இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகள் மூன்று.

பேர்னாட் ஒருபோதும் துணியவில்லை என்பது பொய், 1986 இல் வந்த 'திறப்பு' பற்றிய அங்கத்தில் அவன் சேர் ஹம்பிரியையே எதிர்த்து நிற்கிறானே என்பது முதலாவது. பிரதமரின் இல்லத்துக்கும் அமைச்சரவை அலுவலகத்துக்கும் இடையிலுள்ள கதவின் திறப்பு சேர் ஹம்பிரியிடமிருந்து பறிக்கப்படுகிறது. நடுங்கியவாறே பேர்னாட் பிரதமரின் கட்டளையில் உறுதியாக நிற்கிறான். காட்சி மகிழ்ச்சி தருவது உண்மை. எனினும் அத்துணிவின் பொருள் யாது? ஓர் எசமானரின் ஆணைப்படி இன்னோர் எசமானருக்குக் கதவடைத்தமையே. படைக்கலங்கள் பற்றி எழாத துணிவு ஒரு திறப்புப் பற்றி எழுந்தது. அதனை வீரமெனக் கொண்டாடுவோர், அலுவலகத்தின் அளவுகோலைத் தாமும் ஏற்றுக்கொண்டோராவர்.

இரண்டாவது மறுப்புச் சற்று வலிமையுடையது. பேர்னாட் கீழ்நிலை உத்தியோகத்தன். சம்பளமும் குடும்பமும் உடையவன். அவனிடம் தியாகம் எதிர்பார்ப்பது பிறர் செலவில் அறம் பேசுவதாகும் என்பர். அச்சத்தினால் மௌனம் காக்கும் எழுதுவினைஞனைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் தொடர் பேர்னாட்டை அவ்வாறு படைக்கவில்லை என்பதே விடை. வறுமையோ வேலையிழப்போ அவனை அச்சுறுத்துவதில்லை. அவன் இழக்க அஞ்சுவது மேலேறும் படிகளை. தொடரின் கதைகளை ஹாக்கரின் நாட்குறிப்பு வடிவிலே ஆசிரியர்கள் நூலாக்கியபோது, பேர்னாட்டின் எதிர்காலத்தையும் எழுதிவிட்டனர்: அவன் சேர் பட்டம் பெறுகிறான், உள்நாட்டுச் சிவில் சேவையின் தலைவனாகிறான். 1982 இல் அவன் எழுப்பிய ஐயத்துக்கு உரிய விடை அங்கேதான் இருக்கிறது. கடுமையாக உழைத்தான்; எய்தினான். மனச்சாட்சி எனப் போற்றப்பட்ட பாத்திரம் காலப்போக்கில் சேவையின் உயர்ந்த நாற்காலியில் அமர்கிறது. சேர் ஹம்பிரியும் ஒருகாலத்தில் ஒரு பேர்னாட்டாகவே இருந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இதனைப் படிப்போருக்குத் தோன்றாதிருக்க இயலாது.

மூன்றாவது மறுப்பு மிகப் பழையது: இது வெறும் நகைச்சுவை, இதற்கு அரசியல் இல்லை. இதற்கு விடைகூற அத்தொடரை விரும்பியோரைப் பார்த்தாற் போதும். பிரதமர் மார்கிரட் தட்சர் இதனைத் தமக்கு மிக உவப்பான தொடரெனக் கூறிவந்தார். 1984 ஜனவரியில் விருது வழங்கும் நிகழ்வொன்றிலே எடிங்ரன், ஹோதோன் ஆகியோருடன் சேர்ந்து தாமே ஒரு சிறு காட்சியில் நடித்தார். சிவில் சேவைத் திணைக்களத்தை 1981 இல் கலைத்தவரும், அரச சேவையைச் சுருக்குவதைக் கொள்கையாகக் கொண்டவரும் அவரே. தொடரின் ஆசிரியருள் ஒருவரான ஜே, ஜேம்ஸ் புக்கனன் முதலியோரின் 'பொதுத்தெரிவு'ப் பொருளியற் கோட்பாட்டின் செல்வாக்கைத் தமது எழுத்தில் ஒப்புக்கொண்டவர். பொதுநலன் என்ற சொல்லின் பின்னால் நிற்பவை அரசியல்வாதியினதும் உத்தியோகத்தரதும் சொந்த நலன்களே என்பது அக்கோட்பாட்டின் சாரம். அவ்வாறாயின் வைத்தியசாலைக்கு நோயாளிகளைக் கொண்டுவர முயல்வது வீண். வைத்தியசாலையையே விற்றுவிடுதல் அறிவு. தொடர் இம்முடிவை வாய்விட்டுக் கூறுவதில்லை. ஆயின் கூறுதற்கான தளத்தைச் சிரிப்பினாற் சமப்படுத்திக் கொடுக்கிறது.

இங்கேதான் பேர்னாட்டின் பணி இன்றியமையாததாகிறது. அமைச்சர் புகழ்வேட்கை கொண்டவர், செயலாளர் அதிகார வேட்கை கொண்டவர் எனின், பார்வையாளன் எங்கே நிற்பது? அவ்வறையில் பொதுமக்களுக்கு இடமில்லை. தொழிற்சங்கவாதிகள் தலைகாட்டினாலும் பகிடிப் பொருளாகவே வந்து மறைவர். எஞ்சியிருப்பது பேர்னாட்டின் பக்கத்து நாற்காலி மாத்திரமே. அங்கே அமர்ந்துகொண்டால் அனைத்தையும் அறியலாம், எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, கைகளும் தூய்மையாக இருக்கும். தட்சர் நடித்த காட்சியிலே பேர்னாட்டுக்குப் பாத்திரமில்லை. அதிகாரம் தன்னைத் தானே நடிக்குமிடத்து அவன் தேவைப்படுவதில்லை. ஆளப்படுவோர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தேவைப்படுகிறான்.

5

ஆங்கிலேயரின் அலுவலகப் பகிடியொன்று இலங்கைப் பல்கலைக்கழக மாணவருக்கு எவ்வாற்றான் தொடர்புடையது என வினவப்படலாம். தொடர்பு கற்பனையானதன்று. அமைச்சருக்குப் பக்கத்தில் நிரந்தரச் செயலாளரை அமர்த்தும் ஏற்பாடு சோல்பரி அரசியலமைப்பின் வழியாக 1947 இல் இந்நாட்டுக்கும் வந்தது. 1963 மே 1 இல் இலங்கைச் சிவில் சேவை நீக்கப்பட்டு நிருவாக சேவை தோற்றுவிக்கப்பட்டது. 1972 இல் 'நிரந்தர' என்ற அடைமொழியும் மறைந்தது. பெயர்கள் மாறின, கோப்புடன் நடுவில் நிற்பவன் மாறவில்லை.

சட்டங்கள் தம்மைத் தாமே நடைமுறைப்படுத்துவதில்லை. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமாயினும், 1970 களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலாயினும், தீர்மானித்தோர் அரசியல்வாதிகளே. எனினும் சுற்றுநிருபங்களை வரைந்தோரும், அட்டவணைகளைத் தயாரித்தோரும், எழுத்துப்பிழை நேராமல் ஒப்புநோக்கியோரும் கற்ற உத்தியோகத்தர்கள். அவர்களுள் எத்தனை பேர் மனத்தளவில் உடன்படாதிருந்தனர் என்பதனால் எந்த மாணவனுக்கும் ஓர் இடம் கிடைத்ததில்லை. மனத்தளவிலான உடன்பாடின்மையைப் பதிவதற்குக் கோப்பில் நிரல் இல்லை.

வேறு வழியே இல்லையா? 1904 இல் கேம்பிரிட்ஜிலிருந்து இலங்கைச் சிவில் சேவைக்கு ஓர் இளைஞர் வந்தார். பேர்னாட்டைப் போலவே கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். யாழ்ப்பாணக் கச்சேரியிலும், கண்டியிலும், பின்னர் அம்பாந்தோட்டையிலும் பணிபுரிந்தார். லெனாட் வூல்ப் என்பது அவர் பெயர். அவர் புனிதரல்லர்; கண்டிப்பான ஆட்சியாளர், ஏகாதிபத்தியத்தின் கடமைகளைத் திறம்பட நிறைவேற்றியவர். ஆனால் தாம் செய்துகொண்டிருப்பது யாதென்ற வினாவை அவர் பகிடியாக்கவில்லை. 1911 இல் விடுமுறையில் நாடு திரும்பியவர் மறு ஆண்டில் பதவியைத் துறந்தார். அதற்குச் சொந்த வாழ்க்கைக் காரணங்களும் இருந்தன. எனினும் 1913 இல் அவர் வெளியிட்ட 'காட்டிலொரு கிராமம்' என்னும் நாவல், கச்சேரியின் மேசைக்கு மறுபக்கத்தில் நிற்பவனின் கண்ணால் அதே ஆட்சியைப் பார்த்தது. வரியும் அனுமதிப்பத்திரமும் நீதிமன்றமும் ஓர் ஏழைக் கிராமத்தை எவ்வாறு அழிக்கின்றன என்பதை, அவற்றை நடத்தியவர் ஒருவரே எழுதினார். பேர்னாட் முப்பத்தெட்டு அங்கங்களிலும் ஒருமுறையேனும் அம்மறுபக்கத்துக்குச் சென்றதில்லை. அவனைப் படைத்தோருக்கும் அந்த எண்ணம் தோன்றியதில்லை.

இவற்றையெல்லாம் கூறுவதனால் இத்தொடரைப் பாராதொழிக என்பது பொருளன்று. அதிகாரத்தின் மொழி எவ்வாறு பொருளை மறைக்கிறது என்பதைக் கற்பிக்கும் நூல்கள் சிலவற்றினும் அது பயனுடையது. பேர்னாட்டைக் கண்டு நகைப்பதிலும் குற்றமில்லை. அந்நகைப்பு முடிந்தபின் எஞ்சும் கனிவைத்தான் ஐயுறுதல் வேண்டும். சேர் ஹம்பிரியை எவரும் தாமாக எண்ணி மகிழ்வதில்லை. ஆகவே அவரால் விளையும் தீங்கு குறைவு. பேர்னாட்டைத் தாமாக எண்ணுவோர் மிகப் பலர். அவர்களுட் பெரும்பாலோர் பட்டதாரிகள்.

ஒவ்வோர் ஆண்டும் இப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து அரச சேவைக்குச் செல்வோர் உளர். நிருவாக சேவைப் பரீட்சையில் மொழித்திறன் சோதிக்கப்படும். பொது அறிவு சோதிக்கப்படும். இடித்துரைக்கும் ஆற்றலைச் சோதிக்கும் வினாத்தாள் எதுவும் இல்லை. முதலாவது கோப்பு அவர்களது மேசைக்கு வரும் நாளில், அதிலுள்ள எழுத்துப்பிழை உடனே கண்ணிற் படும். அதனைத் திருத்தியபின் பேனாவை மூடிவைப்பதா, அதே பேனாவினால் கோப்பின் ஓரத்தில் இன்னொரு வரியையும் எழுதுவதா என்பதை அவர்களே தீர்மானித்தல் வேண்டும்.